பதினாலு வேலை நாள்

லூபோக் சீனா என்ற மலாய் நாட்டுச் சிற்றூரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே திலகவதியின் போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை விஜயரட்ணம் கடை வாசலைத் தாண்டி ஒரு முறை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். வயது அறுபத்து நான்கு. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. முப்பத்து நான்கு வருடம் நில அலுவலகத்தில் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அப்பேர்ப்பட்டவர் கடைத்தெருவில் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"ஐயா, உள்ள வாங்க லா! மூணு தடவ போயிட்டீங்க. கால் வலிக்கல?" என்று திலகவதி கூப்பிட்டாள்.

வந்தார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முத்து முத்தான கையெழுத்தில் ஓர் இணைய விளையாட்டின் பெயர் அதில் இருந்தது: 'ஒன்பது தீவுகள்'.

"இதைப் பாக்க வேணும்" என்றார்.

திலகவதி தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடை சைபர் கஃபேயாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே விளையாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதி, அதைக் கவுன்சிலுக்கு அனுப்பியவர் இதே விஜயரட்ணம்தான். மனு பலிக்கவில்லை. கைப்பேசி வந்து பலிக்க வைத்தது. பின்னறையில் மூன்று கணினிகள் மட்டும் மிச்சம் இருந்தன.

"பெட்டிஷன் போட்டவரே கேம் ஆட வந்துட்டாரு. இன்னிக்கி மழதான்" என்றாள்.

"விளையாட வரேல்லை. இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் அவர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்‌ஷன் யாரை என்று அவர் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம். அவருடைய ஒரே மகள் தாட்சாயினியைத்தான். மருத்துவம் படித்து முடித்தவள், பயிற்சி டாக்டராக எட்டு மாதம் வேலை பார்த்தவள், திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பினாங்குக்குப் போய் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலையில் சேர்ந்தாள். வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். வேறு அப்பனாக இருந்தால் போனில் கத்தியிருப்பான், அல்லது அழுதிருப்பான். இவர் பதில் கடிதம் எழுதினார். தேதி, பொருள், குறிப்பு எண் எல்லாம் போட்டு மூன்று பத்தி. மூன்றாவது பத்தி: இந்த விஷயம் தொடர்பாக இனி எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. மகளும் அவர் பெற்ற பிள்ளைதானே, சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். இரண்டு வருடமாக அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு மட்டும் போனில் பேசுவாள். அன்னபாக்கியம் சமையலறையில் நின்று பேசுவார், இவர் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருப்பார். போன ஞாயிறு அப்படித்தான் காதில் விழுந்தது. தினமும் வேலை முடிந்து ஆறு மணிக்கு ஒன்பது தீவுகளுக்குப் போய்விடுவாளாம். அங்கே அவள் பெயர் பிஜிநங்கா. மலாய் மொழியில் பலாக்கொட்டை! டாக்டர் தாட்சாயினி விஜயரட்ணம் என்று வாசலில் பலகை மாட்ட வேண்டியவள் பலாக்கொட்டையாகிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு நாளாக அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"பதினாலு நாள் ஃப்ரீ ட்ரையல் ஐயா" என்று திலகவதி திரையைப் பார்த்துப் படித்தாள். "கார்டு நம்பர் கேக்கறான். பிடிக்கலன்னா முடியறதுக்குள்ள கேன்சல் பண்ணிடணும். மறந்தீங்க, தானா மெம்பராக்கி, காசை வெட்டிடுவான்."

"திகதி விஷயம் நீ எனக்குச் சொல்லித் தராதை, பிள்ளை."

அவர் நாட்குறிப்பை எடுத்தார். முப்பத்து நான்கு வருடம் கவுண்டருக்கு வந்தவர்களிடம் அவர் ஆயிரம் முறை சொன்ன பாடம் அது. பதினாலு நாள் என்றால் பதினாலு வேலை நாள். சனி ஞாயிறு சேராது, பொது விடுமுறை சேராது, மனுக் கொடுத்த நாளும் சேராது. நடுவில் தீபாவளி வேறு வந்தது. விரல் விட்டு எண்ணி, இருபத்தெட்டாம் தேதி என்று குறித்து, கீழே கோடும் போட்டார். உலகத்தில் வேறு எப்படியாவது நாளை எண்ணுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விளையாட்டுக்குள் போக ஓர் உருவமும் பெயரும் வேண்டும். திலகவதியே வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவனைத் தேர்ந்தெடுத்து, 'பாக் துவா' என்று பெயரும் வைத்துவிட்டாள். மலாய்க்காரர்கள் வயசாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் சட்டதிட்டங்களைப் படித்தாள். சோதனைக் காலத்தில் வந்தவர் யாரோடும் பேச முடியாது. மற்றவர் எழுதுவதைப் படிக்கலாம், ஆனால் பதில் எழுத முடியாது. கும்பிடலாம், தலையாட்டலாம், உட்காரலாம், ஆடலாம். அவ்வளவுதான்.

"ஊமையா இருக்கணும்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் விஜயரட்ணம்.

மறுநாள் நாலரைக்கே கிளம்பிவிட்டார். மனைவியிடம் ஒரு பத்திரம் போட்டோஸ்டாட் எடுக்கவேண்டும் என்றார். அதற்கு அடுத்த நாளும் பத்திரம் என்றார். "நிலக் கந்தோரிலை வேலை பாத்த காலத்திலையும் இவ்வளவு பத்திரம் எடுக்கேல்லையே நீங்கள்" என்றார் அன்னபாக்கியம். கடையில் வந்து ஆறு மணிவரை உட்கார முடியாமல் பின்னறைக்கும் வாசலுக்கும் நடப்பார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒவ்வொன்றும் போகும்போது எண்ணுவார். ஐந்தே முக்காலுக்கு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கும்.

பிஜிநங்காவைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஆறு மணி அடித்தால் மூன்றாம் தீவின் படகுத்துறையில் வந்து குதிப்பாள். பச்சைத் தொப்பி, அரைக்கால் சட்டை, தோளில் ஒரு பூனை. நாலைந்து நண்பர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஏதோ எழுதிச் சிரிப்பார்கள். விஜயரட்ணம் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். இதற்காகவா படித்தாய், இதற்காகவா உன் அம்மா விடியற்காலை எழுந்து உனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. வாய்தான் இல்லையே.

ஆனால் அந்தத் தீவில் ஒரு தபால் நிலையம் இருந்தது. உள்ளே போனால் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். சோதனைக் காலத்தில் எழுதும் கடிதங்கள் போகாது, பத்திரமாக இருக்கும், உறுப்பினர் ஆனதும் தானாகப் போய்ச் சேரும் என்று ஓர் அறிவிப்பு. விஜயரட்ணம் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தெட்டாம் தேதிக்கு முன் கேன்சல் செய்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். இதைவிடப் பத்திரமான மேசை இழுப்பறை எங்கே கிடைக்கும்? பேனா பிடித்தே பழகிய கை சும்மா இருக்குமா? பிஜிநங்காவுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாளைக்கு ஒன்று. தொடக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில். அவருக்கு அதிகாரம் ஆங்கிலத்தில்தான் வரும். முதல் கடிதம் அரைக்கால் சட்டை பற்றி. இரண்டாவது, பூனையைத் தூக்கிக்கொண்டு அலைவதில் வீணாகும் நேரம் பற்றி. மூன்றாவதில் நெஞ்சில் இருந்த அழுக்கெல்லாம் வந்துவிட்டது. தைப்பிங்கில் இருக்கும் உன் பெரியப்பாவிடம் நீ லண்டனில் மேற்படிப்பு படிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன், உன் படம் எதையும் எங்கும் போட்டு அந்தப் பொய்யையும் கெடுத்துவிடாதே, எனக்கு மிச்சம் இருக்கிற மானம் அது ஒன்றுதான் என்று எழுதினார். நாலும் ஐந்தும் அதே பாட்டுத்தான்.

ஆறாம் கடிதத்தில் பாட்டு மாறியதற்குக் காரணம் ஒரு மீன்.

அன்று மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்போது தவறான பொத்தானை அழுத்திவிட்டார். கிழவன் வெளியே வந்து நடுத்துறையில் இடுப்பை வளைத்து ஆட ஆரம்பித்துவிட்டான். நிறுத்தத் தெரியவில்லை. திலகவதியைக் கூப்பிட்டார், அவள் வாசலில் யாருக்கோ அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. பிஜிநங்கா மட்டும் கிட்டே வந்தாள். "பாக் துவா, புதுசா? மீன் பிடிக்கத் தெரியுமா?" என்று மலாயில் எழுதினாள். அவர் கும்பிட்டார். அவள் தன் தூண்டிலைக் கொடுத்தாள்.

முதல் தடவை தூண்டிலையே கடலில் தவற விட்டார். இரண்டாம் தடவை தானே விழுந்தார். குவாலா சுங்கை பாரு கடல் காரில் கொஞ்ச தூரந்தான், இந்த மனிதர் அங்கேகூட ஒரு நாள் தூண்டில் பிடித்ததில்லை. இவருக்கு எப்படி வரும்? நண்பர்கள் அடுத்த தீவுக்குக் கிளம்பிப் போனார்கள். அவள் போகவில்லை. பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும், "பரவாயில்லை பாக் துவா, மெதுவா, இன்னொரு தடவை" என்று எழுதினாள். பதினெட்டாவது தடவை உள்ளங்கை அளவு ஒரு மீன் வந்தது. அவள் தொப்பியைக் கழற்றி வீசிக் குதித்தாள். லூபோக் சீனாவின் பின்னறையில் விஜயரட்ணமும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அன்றைய கடிதத்தை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தார். பிள்ளை, உனக்கு நான் கணக்குச் சொல்லித் தந்த நாளெல்லாம் இன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை பிழைவிட்டால் உன் கணக்குக் கொப்பியைத் தூக்கி எறிவேன். நீ ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாய். இன்று முன்பின் தெரியாத ஒரு கிழவனுக்காக நீ பதினேழு தடவை பொறுத்திருந்தாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவ்வளவுதான் எழுதினார்.

அதன்பிறகு அவருடைய அவஸ்தை வேறு மாதிரி ஆனது. தினமும் அவள் அவரைத் தேடி வந்தாள். அவர் பேசாதவர் என்பதால் அவள் தன்பாட்டில் ஏதாவது எழுதிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இன்று அலுவலகத்தில் லிஃப்ட் பழுது, வாடகை அறையில் கரப்பான், அம்மா பலகாரம் அனுப்பப் போகிறார் என்று. ஏழு, எட்டு, ஒன்பது, பத்தாம் கடிதங்கள் தமிழிலேயே போயின. லிஃப்ட் பழுதென்றால் படியில் கம்பியைப் பிடித்து இறங்கு என்று ஒரு கடிதம் முழுக்கவே எழுதியிருந்தார்.

தீபாவளிக்குத் திலகவதி ஞாயிறிலிருந்து மூன்று நாள் கடையைப் பூட்டினாள். அந்த மூன்று நாளும் மனிதர் படுத்திய பாடு அன்னபாக்கியத்துக்குத்தான் தெரியும். எண்ணெய் வைத்துத் தலைமுழுகினார், புதுச் சட்டை போட்டார், உடனே கழற்றினார். தைப்பிங்கிலிருந்து அண்ணன் போன் போட்டு, "லண்டனிலை பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார். "நல்லா இருக்கிறாள்" என்று சொல்லி இவர் போனை வைத்தார்.

"பிள்ளைக்குப் பலகாரம் என்னென்ன அனுப்பினனீர்?" என்று மனைவியிடம் கேட்டார்.

இரண்டு வருடத்தில் மனைவியிடம் அவர் மகளைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். அன்னபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தார். "பயத்தம் பணியாரம். முறுக்கு" என்றார். விஜயரட்ணம் கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலைதான் முடிவு செய்தார். முதல் ஐந்து கடிதங்களை அழித்துவிடுவது. ஆறிலிருந்து பத்துவரை ஒருமுறை திருத்திப் பார்ப்பது. பிறகு உறுப்பினர் ஆகிவிடுவது. கடிதம் போகட்டும், அவளுக்குத் தெரியட்டும். இருபத்தெட்டு வரை நாள் கிடக்கிறதே. மனசு கொஞ்சம் லேசானது, கால் மட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை கடை திறந்ததும் போய் உட்கார்ந்தார். தீவு திறந்தது. கிழவன் தலையில் ஒரு புதுத் தொப்பி இருந்தது. திரையின் நடுவில் பொன் எழுத்துகள். உறுப்பினர் ஆனதற்கு நன்றி. உங்களுடைய பத்துக் கடிதங்களும் உரியவரிடம் சேர்க்கப்பட்டன.

விஜயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"திலகா!"

அந்தச் சத்தத்துக்கு அவள் பால் டீயைக் கையில் கொட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நேத்தே முடிஞ்சிருச்சே ஐயா. ஏழாம் தேதி போட்டோம். இருபத்தொண்ணோட சரி."

"அதெப்பிடி இருபத்தொண்டு? நடுவிலை ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறு, தீபாவளி..."

திலகவதி அவரைப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா தீபாவளி?" என்றாள் மெதுவாக. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதற்கு மேல் சிரிக்கவில்லை. "ஏன் ஐயா, காசு போச்சேன்னா கவலைப்படறீங்க?"

அவர் சொல்லிவிட்டார். மகள் என்றார், கடிதம் என்றார், மூன்றாவது கடிதம் என்றார். எல்லாம் தலைகீழாக வந்தது. பத்தும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்றாவதைப் படித்த பிறகு ஆறாவதுவரை வந்திருப்பாளா? வந்திருக்கமாட்டாள். அவர் மகள்தானே, அவராக இருந்தால் வந்திருக்கமாட்டார்.

நாலு முறை எழுந்து வாசலுக்குப் போனார். ஐந்தாவது முறை பேனாக்களைச் சரிபார்த்துக்கொண்டு, "நான் வீட்டை போறன்" என்றார். மணி ஆறுக்கு ஐந்து நிமிடம்.

"உக்காருங்க ஐயா" என்றாள் திலகவதி. "புள்ள வந்து பாக்கறப்போ ஆளு இல்லன்னா, அது எழுதினதவிட மோசம்."

உட்கார்ந்தார். மரியாதைக்கு அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஊரில் ஒருத்தி அதட்டி உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை.

ஆறு அடித்தது. படகுத்துறையில் யாரும் இல்லை. ஆறு பத்து. ஆறேகால். நண்பர்கள் வந்து, தேடிவிட்டுப் போனார்கள். ஆறு இருபதுக்குப் பச்சைத் தொப்பி தெரிந்தது. அவள் குதிக்கவில்லை. நடந்து வந்து, கிழவனுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். பூனை இல்லை.

"அப்பா" என்று வந்தது.

ஆங்கில எழுத்தில் தமிழ். வீட்டுத் தமிழ்.

"பத்தும் வாசிச்சிட்டன். மூண்டாவதை நீங்கள் எழுதினது எனக்கு அதிசயமில்லை. ஆறாவதைத்தான் நம்பேலாமக் கிடக்கு."

விஜயரட்ணம் விசைப்பலகைமேல் குனிந்தார். இரண்டு வருடத்துக்கான சொற்கள் ஒரே நேரத்தில் வந்து முட்டின. முதல் ஐந்தையும் அழிக்கத்தான் இருந்தேன், நாள் கணக்குப் பிழைத்துவிட்டது, வேலை நாள் என்று நினைத்தேன் என்று பாதி அடித்தார். அதற்குள் அவளுடைய அடுத்த வரி வந்துவிட்டது.

"இப்ப உங்களுக்குக் கதைக்க ஏலும் என்ன?"

அடித்ததை அழித்துவிட்டு, "ஓம்" என்று மட்டும் போட்டார்.

"கதைக்காதேங்கோ."

அவர் கை நின்றது.

"பாக் துவா எனக்கு நல்ல மனுசன். நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் நீங்கள் எண்டு தெரிஞ்சாப் பிறகு ராத்திரி முழுக்க அழுதன். சந்தோசத்திலை இல்லை." பிறகு வந்தது. "பத்துக் கடிதம் எழுதியிருக்கிறியள் அப்பா. ஏன் வேலையை விட்டனீ எண்டு ஒண்டிலைகூடக் கேக்கேல்லை."

அவர் மனதுக்குள் பத்தையும் புரட்டினார். சட்டை, பூனை, மானம், கொப்பி, லிஃப்ட். உண்மைதான். கடிதங்களில் மட்டுமில்லை. இந்த இரண்டு வருடத்தில் மனைவியிடம்கூட ஒரு நாள் கேட்டதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை. விரல்கள் தாமாகவே எழுத்துகளைத் தேடிப் போயின. ஏன் பிள்ளை, என்ன நடந்தது என்று இப்போதாவது கேட்டுவிட வேண்டும்போல் துடித்தன. மூன்று எழுத்து அடித்தும்விட்டார்.

பிறகு அதை அழித்தார். இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் ஒற்றை விரலால் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் கிழவன் துறையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்து இரண்டடி நடந்து வந்து அவளும் உட்கார்ந்தாள்.

"வார்டிலை அண்டைக்கு எனக்கு நித்திரையில்லாமல் முப்பத்தாறாவது மணித்தியாலம்" என்று வந்தது. "நாலாம் கட்டிலிலை ஒரு அம்மா இருந்தவ. அவவுக்கு உங்கடை வயசு அப்பா."

முன்னால் திலகவதி வாடிக்கையாளர் ஒருவரை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, விளக்கை அணைக்காமல் விட்டாள். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. விஜயரட்ணம் வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.